யாரோடு ஒப்பிடுவது? நியூசிலாந்தின் ஆஸ்துமா மரணங்களும் நீல் பியர்ஸின் ஆய்வுகளும்

2019இல் ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டுதலில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மூச்சுத் திணறல் வரும்போது மட்டும் அடித்துக்கொள்ளும் நிவாரண இன்ஹேலரை, அதாவது சால்பியூட்டமால் போன்ற மருந்தை, தனியாக நம்பி வயதுவந்தோருக்கும் பதின்பருவத்தினருக்கும் சிகிச்சை அளிக்கக் கூடாது. கூடவே அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் இருக்க வேண்டும் என்று 'ஜைனா' வழிகாட்டுதல் குழு சொன்னது. பல பத்தாண்டுகளாக அந்த நிவாரண இன்ஹேலரை மட்டும் பையில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள் குழம்பிப்போனார்கள். 'இத்தனை நாள் நல்லது என்றீர்கள், இப்போது ஏன் இப்படி?' என்பது நியாயமான கேள்விதான்.

பதிலின் ஒரு முக்கியப் பகுதி நியூசிலாந்தில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே இளைஞர்கள் ஆஸ்துமாவால் இறந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க முனைந்த ஒரு சிறு குழுவில் எண்களைக் கையாண்டவர் நீல் பியர்ஸ். நியூசிலாந்துக்காரர், ஸ்டெத்தாஸ்கோப் பிடிக்கும் மருத்துவர் அல்லர், புள்ளியியல் வழியாக நோயாய்வுக்கு வந்தவர். 2011இல் லண்டன் பொதுச் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். அவருடைய ஆய்வு வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு மருந்து கொல்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது மட்டுமல்ல, ஒரு நோய் ஏன் ஒரு நாட்டில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கிறது என்பதை எப்படிக் கேட்பது என்பதும் விளங்கும்.

முதலில் சில சொற்கள்

எபிடெமியாலஜி என்பதைத் தமிழில் பலர் 'தொற்றுநோயியல்' என்று எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொல் சுத்தமாக உதவாது. ஆஸ்துமா தொற்றுவதில்லை. புற்றுநோய், மாரடைப்பு, சாலை விபத்து எல்லாமே இந்தத் துறையின் ஆய்வுக்கு உட்பட்டவைதாம். எனவே இங்கே 'நோய்ப்பரவலியல்' என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்து 'இவருக்கு என்ன?' என்று கேட்கிறார். நோய்ப்பரவலியலாளர் ஒரு கூட்டத்தைப் பார்த்து 'இவர்களுக்கு வந்தது, அவர்களுக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்கிறார். 'அவர்கள்' யார் என்பதை முடிவு செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் நீடிக்கும் அழற்சி. அதன் மேல் ஏதாவது தூண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, மூச்சு இழுக்கிறது. நிவாரண இன்ஹேலர்களில் இருப்பவை பீட்டா அகோனிஸ்ட் வகை மருந்துகள். இவை அந்தத் தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் நிம்மதி. அடியில் இருக்கும் அழற்சியை அவை தொடுவதே இல்லை. அதற்கு ஸ்டீராய்டு வேண்டும். கூரை ஒழுகும்போது வாளி வைப்பது போன்றது நிவாரண மருந்து. வாளியும் தேவைதான், ஓட்டையும் அப்படியே இருக்கிறது.

முதல் அலை: 1960கள்

நியூசிலாந்துக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1960களில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய இடங்களில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுச் சிறாரிடையே ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு மடங்கு. அமெரிக்காவில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

1972இல் பால் ஸ்டாலி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த முடிச்சை அவிழ்த்தார். ஐசோபிரினலின் என்ற மருந்தின் 'ஃபோர்ட்டே' வடிவம், அதாவது ஒரு அழுத்தலுக்கு வழக்கத்தைவிட ஐந்து மடங்கு மருந்து வெளிவரும் இன்ஹேலர், மரணங்கள் ஏறிய நாடுகளில் விற்கப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு உரிமம் கிடைத்திருக்கவில்லை. எச்சரிக்கைகள் வந்தன, விற்பனை குறைந்தது, மரணங்களும் குறைந்தன. எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. மருந்தைக் குறை சொல்வதைவிட நோயாளியையும் தாமதமாக வந்த ஆம்புலன்ஸையும் குறை சொல்வது பலருக்கு எளிதாக இருந்தது. அந்த மனப்போக்கு அடுத்த அலையிலும் அப்படியே திரும்பி வந்தது.

இரண்டாவது அலை: நியூசிலாந்தில் மட்டும்

1976இல் நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் மறுபடி ஏறத் தொடங்கின. 5 முதல் 34 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், 1974–75இல் லட்சத்துக்கு 1.3ஆக இருந்த ஆண்டு மரண விகிதம் 1979இல் 4.1ஆகிவிட்டது. இந்த வயது வரம்பு ஏன் என்று கேட்கலாம். கைக்குழந்தைகளின் மூச்சிரைப்புக்குப் பல காரணங்கள் உண்டு. வயதானவர்களில் புகைப்பழக்கத்தால் வரும் நுரையீரல் அடைப்பு நோய் கலந்துவிடும். இறப்புச் சான்றிதழில் 'ஆஸ்துமா' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஆஸ்துமாதான் என்று நம்பக்கூடிய வயது, 5 முதல் 34.

சுமார் முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது. எண்ணிக்கையில் பார்த்தால் குறைவான மரணங்கள்தாம். ஆனால் வேறெந்த நாட்டிலும் அந்த ஆண்டுகளில் இப்படி நேரவில்லை. நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடையே மரண விகிதம் இன்னும் மோசம். நாடு தழுவிய ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, 1981 முதல் 1983 வரை நடந்த ஆஸ்துமா மரணங்கள் ஒவ்வொன்றும் விசாரிக்கப்பட்டன. நோயின் கடுமையை உணராமை, தாமதமாக உதவி தேடுதல், போதாத சிகிச்சை என்று பல காரணங்கள் வெளிவந்தன. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவை 1976க்கு முன்பும் இருந்தன, மற்ற நாடுகளிலும் இருந்தன. இறந்தவர்களை மட்டும் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும், உயிரோடிருப்பவர்களோடு ஒப்பிடாத வரை எது காரணம் என்று தெரியாது.

1976 ஏப்ரலில் நியூசிலாந்துச் சந்தைக்கு வந்த ஒரு மருந்து ஃபெனோடெரால். ஜெர்மானிய நிறுவனமான பூரிங்கர் இங்கல்ஹைமின் தயாரிப்பு. ஓர் அழுத்தலுக்கு 200 மைக்ரோகிராம். போட்டியாளரான சால்பியூட்டமாலில் 100. விரைவிலேயே நியூசிலாந்தின் நிவாரண இன்ஹேலர் சந்தையில் ஏறத்தாழ 30 சதவீதத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை.

காலப் பொருத்தம் மட்டும் சான்றாகாது. 1976க்குப் பிறகு நியூசிலாந்தில் வண்ணத் தொலைக்காட்சிகளும்தான் பெருகின. 1980களின் இறுதியில் நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் ரிச்சர்ட் பீஸ்லி, ஜூலியன் கிரேன், கார்ல் பர்ஜஸ் என்ற மருத்துவர்களும் பியர்ஸும் சேர்ந்து, ஏற்கெனவே திரட்டப்பட்டிருந்த 1981–83 மரணத் தகவல்களையே கையில் எடுத்தார்கள். அவர்கள் புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: ஒப்பாளர்கள்.

நோயர்–ஒப்பாளர் ஆய்வு எப்படி நடக்கிறது

ஆஸ்துமா மரணம் அரிது. மருந்து சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் வரிசையாக நிறுத்தி யார் இறக்கிறார்கள் என்று காத்திருந்தால், லட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அதனால் ஆய்வைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

1. இறந்தவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் 'நோயர்' தரப்பு.

2. அதே நோய் உள்ள, அதே வயதுள்ள, ஆனால் இறக்காதவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் 'ஒப்பாளர்' தரப்பு.

3. இரு தரப்பிலும் எத்தனை பேருக்கு அந்த மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது என்று எண்ணுகிறார்கள்.

4. இரண்டையும் வகுத்து 'வாய்ப்பு விகிதம்' என்ற ஒற்றை எண்ணைக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இறந்த 100 பேரில் 50 பேரிடம் மருந்து இருந்தது, 50 பேரிடம் இல்லை: 50க்கு 50, அதாவது 1. உயிரோடிருக்கும் 100 பேரில் 40 பேரிடம் இருந்தது, 60 பேரிடம் இல்லை: 40க்கு 60, அதாவது 0.67. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.5. மருந்துக்கும் மரணத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் இந்த எண் 1ஐ ஒட்டி நிற்கும். 1ஐத் தாண்டத் தாண்டச் சந்தேகம் வலுக்கும்.

வெலிங்டன் குழு எடுத்தது 117 மரணங்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் நான்கு ஒப்பாளர்கள், மொத்தம் 468 பேர். ஒப்பாளர்களை ஊரிலிருந்து பொறுக்கி எடுக்கவில்லை. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவர்களிலிருந்து எடுத்தார்கள். ஊரில் உள்ள சாதாரண ஆஸ்துமாக்காரருக்கு எப்போதாவது இழுப்பு வரும், அவ்வளவுதான். அவரை இறந்தவரோடு ஒப்பிட்டால் மருந்தின் வேறுபாடா, நோயின் வேறுபாடா என்று பிரிக்க முடியாமல் போகும். மருத்துவமனை வரை போய் வந்தவர், இறந்தவருக்கு ஓரளவு இணையான நோய்க் கடுமை உள்ளவர்.

1989இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஃபெனோடெராலுக்கு வாய்ப்பு விகிதம் 1.55; நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 1.04 முதல் 2.33 வரை. இதைத் தனியாகப் பார்த்தால் யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. சற்றே கூடுதல் ஆபத்து, கீழ் எல்லை 1ஐ மயிரிழையில்தான் தாண்டுகிறது. எதிர்ப்பும் எதிர்பார்த்தபடியே வந்தது. ஆய்வு வெளியாவதற்கு முன்பே மருந்து நிறுவனம் வெளிநாட்டு நிபுணர்களிடம் விமர்சன அறிக்கைகள் வாங்கித் திரட்டியிருந்தது.

சண்டையின் மையம்: கடுமையான நோய்க்குக் கடுமையான மருந்தா?

விமர்சனத்தில் ஒரு பகுதிக்கு உண்மையான வலு இருந்தது. ஃபெனோடெரால் வீரியமான மருந்து என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அதனால் மோசமான நோயாளிகளுக்கு அதையே எழுதியிருப்பார்கள். மோசமான நோயாளிகள்தாம் அதிகம் இறப்பார்கள். அப்படியானால் இறந்தவர்களிடம் ஃபெனோடெரால் அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை. மருந்து நிரபராதி, நோய்தான் குற்றவாளி. தீப்பிடித்த இடத்திலெல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்ல முடியுமா?

இப்படி, காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் புகுந்து இரண்டோடும் ஒட்டிக்கொள்ளும் மூன்றாவதைக் 'குழப்பும் காரணி' என்பார்கள். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, அதன் தர்க்கம்தான் இந்த ஆய்வின் மிக அழகான பகுதி.

முதலாவது: நோய்க் கடுமைதான் குழப்புகிறது என்றால், கடுமையான நோயாளிகளை மட்டும் தனியே பிரித்து அவர்களுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். எல்லாரும் மோசமான நோயாளிகள் என்றானபின், 'மோசமானவருக்குத்தான் இந்த மருந்து போனது' என்ற வாதத்துக்கு இடம் குறைகிறது. ஆக, விமர்சகர்கள் சொல்வது சரியென்றால் 1.55 என்ற எண் 1ஐ நோக்கிச் சுருங்க வேண்டும்.

இரண்டாவது: நடந்தது நேர்மாறு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் அளவுக்கு நோய் முற்றியிருந்தவர்களை மட்டும் எடுத்தபோது விகிதம் 6.45 ஆனது. முந்தைய ஓராண்டுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவராகவும், ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டவராகவும் இருந்தோரை மட்டும் எடுத்தபோது 13.29. ஆள் எண்ணிக்கை குறைந்ததால் நம்பக இடைவெளி அகலமாயிற்று. ஆனாலும் அதன் கீழ் எல்லை மூன்றுக்கு மேல்.

மூன்றாவது: மருந்து உண்மையாகவே ஆபத்தானது என்றால் இப்படித்தான் இருக்கும். லேசான நோயாளி எப்போதாவது இரண்டு முறை அடித்துக்கொள்வார். கடும் தாக்குதலில் சிக்கியவர் அடித்துக்கொண்டே இருப்பார்.

இன்னொரு விமர்சனமும் நியாயமானது. இறந்தவர்களின் மருந்து விவரம் பல இடங்களிலிருந்து விசாரித்துத் திரட்டப்பட்டது. ஒப்பாளர்களுடையது மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து மட்டும். அளக்கும் படி இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் தராசு கோணும். குழு வாதாடிக்கொண்டிருக்கவில்லை, இன்னும் இரண்டு ஆய்வுகளைச் செய்தது. இரு தரப்புக்கும் ஒரே மாதிரி மருத்துவமனைப் பதிவேடு. ஒன்று 1977–81 மரணங்களைப் பற்றியது, 1990இல் வெளியானது. மற்றது 1981–87ஐ உள்ளடக்கியது, 1991இல் வெளியானது. இரண்டிலும் விகிதம் ஏறத்தாழ 2.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலப் பதிவேடுகளை வைத்து 1992இல் இன்னோர் ஆய்வு வந்தது. பணம் கொடுத்தது பூரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனமே. அதிலும் ஃபெனோடெரால் மரணத்தோடு தொடர்புற்றது. அத்துடன், மற்ற பீட்டா அகோனிஸ்ட் மருந்தையும் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து கூடியது தெரிந்தது. மைக்ரோகிராம் கணக்கில் சமன்செய்தால் இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை என்பது அதன் வாதம். இந்த இரண்டாவது செய்திதான் பின்னாளில் நிவாரண இன்ஹேலர் பற்றிய பொதுவான எச்சரிக்கைக்கு ஒரு வேர்.

மருந்து எப்படிக் கொல்லும்?

எண் மட்டும் போதாது, வழியும் தெரிய வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கடும் தாக்குதல் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முன்னால் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுக்கிறார். இன்ஹேலரை இரண்டு முறை அழுத்துகிறார். கொஞ்சம் விடுகிறது. இருபது நிமிடத்தில் மறுபடி இறுகுகிறது. இந்த முறை நான்கு. பிறகு கணக்கே இல்லை. ஒவ்வோர் அழுத்தலிலும் 200 மைக்ரோகிராம்.

இதே வெலிங்டன் குழு ஆய்வகத்தில் அளந்து பார்த்தது. ஃபெனோடெரால் மற்ற நிவாரண மருந்துகளைவிட இதயத் துடிப்பைக் கூடுதலாக ஏற்றியது, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூடுதலாகக் குறைத்தது. ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைந்து தவிக்கும் இதயத்துக்கு இரண்டும் ஆகாதவை. இன்னொரு வழி மெதுவானது. டுனெடின் நகரில் மால்கம் சியர்ஸ் குழுவினர் நடத்தி 1990இல் வெளியிட்ட சோதனையில், ஃபெனோடெராலைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தவர்களைவிடத் தினமும் வேளை தவறாமல் எடுத்தவர்களுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் வருவது மோசமாக இருந்தது. மூன்றாவது வழிக்கு ஆய்வகம் வேண்டாம்: தற்காலிக நிம்மதி கிடைத்துக்கொண்டே இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதமாகும்.

மருந்தை நிறுத்தியபின்

முதல் ஆய்வைத் தொடர்ந்து நியூசிலாந்து அரசு மருத்துவர்களை எச்சரித்தது. அரசு மானியம் பெறும் மருந்துகளின் பட்டியலிலிருந்தும் ஃபெனோடெரால் போயிற்று. சுமார் 30 சதவீதமாக இருந்த அதன் சந்தைப் பங்கு 3 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. 5–34 வயதினரின் ஆஸ்துமா மரண விகிதம் ஏறக்குறைய பாதியாயிற்று, பிறகு ஏறவில்லை. அந்த அலை முடிந்ததைப் பற்றி 1995இல் பியர்ஸும் தோழர்களும் 'லான்செட்'டில் எழுதினார்கள்.

விமர்சகர்களிடம் இதற்கும் ஒரு மாற்று விளக்கம் இருந்தது. ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் 1980களில் பெருகின, மரணம் குறைந்தது அவற்றால்தான் என்றார்கள். பியர்ஸின் பதில்: ஸ்டீராய்டு விற்பனை 1980கள் முழுக்கப் படிப்படியாக ஏறியது, மரணங்களோ படிப்படியாக இறங்கவில்லை, ஃபெனோடெரால் போன சமயத்தில் சட்டென்று விழுந்தன. படிக்கட்டில் இறங்குகிறவரும் மாடியிலிருந்து குதிக்கிறவரும் ஒரே இடத்துக்கு வரலாம், ஆனால் வந்த விதம் வேறு. என் பார்வையில் இந்த இடத்தில் பியர்ஸ் தரப்பின் கை ஓங்கியே நிற்கிறது. ஸ்டீராய்டு உயிர் காத்தது என்பதும் உண்மையே, ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் சால்பியூட்டமாலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். தாக்குதல் நேரத்தில் உயிர் காக்கும் மருந்துகளில் அது இன்றும் உண்டு. ஒரு மாதத்தில் ஒரு குப்பி தீர்ந்துபோகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டால்?

ஃபெனோடெரால் ஆய்வு ஒரு நாட்டுக்குள் நோயாளியை நோயாளியோடு ஒப்பிட்டது. அடுத்து பியர்ஸ் ஈடுபட்ட 'ஐசாக்' திட்டம், அதாவது சிறாரின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றிய சர்வதேச ஆய்வு, நாட்டை நாட்டோடு ஒப்பிட்டது. 1991இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தலைமையிடம் ஆக்லாந்து. தலைவர் குழந்தை மருத்துவர் இன்னஸ் ஆஷர்.

அதற்கு முன்பு நாடுகளுக்கிடையிலான ஆஸ்துமா ஒப்பீடு ஏறக்குறைய பயனற்றது. ஒரு நாட்டில் மருத்துவர் ஆஸ்துமா என்று எழுதுவதை இன்னொரு நாட்டில் மார்ச்சளி என்று எழுதுவார். ஐசாக் மருத்துவரின் பெயரிடலை ஓரம் வைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் 13–14 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தாளில், கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில் போன்ற இழுப்பு வந்ததா என்று கேட்டது. 6–7 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பதில் எழுதினார்கள். ஒரு மையத்துக்கு 3,000 பிள்ளைகள் இலக்கு. விலையுயர்ந்த கருவி எதுவும் கிடையாது. அதனாலேயே ஏழை நாடுகளும் சேர முடிந்தது.

எளிமைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது: அந்த 'இழுப்பு' என்ற சொல். தமிழையே பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் இழுப்பு என்பார், ஒருவர் இரைப்பு என்பார், ஒருவர் இளைப்பு என்பார். நகரத்து அம்மாக்கள் 'பிள்ளைக்கு வீசிங்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் முட்டு அல்லது தொய்வு. எல்லாம் ஒன்றா? மாடிப்படி ஏறினால் வரும் மூச்சுவாங்கலும் அதில் சேருமா? இதற்காக வெலிங்டனில் ஒரு காணொளி வினாத்தாள் உருவாக்கப்பட்டது. இழுப்பு வந்த சிறுவர்களைத் திரையில் காட்டி, 'உனக்கு இப்படி வந்திருக்கிறதா?' என்று கேட்பது. மொழிபெயர்ப்பின் சிக்கல் அங்கே இல்லை.

1998இல் முதல் கட்ட முடிவு வந்தது: 56 நாடுகள், 155 மையங்கள், 13–14 வயதில் மட்டும் 4,63,801 பிள்ளைகள். இந்திய மையங்களில் சென்னையும் நெய்வேலியும் உண்டு. இழுப்பு வந்த பிள்ளைகளின் சதவீதம் மையத்துக்கு மையம் இருபது மடங்குக்கும் மேல் வேறுபட்டது. உச்சியில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அயர்லாந்து. கீழே இந்தோனேசியா, சீனா, இந்தியா, எத்தியோப்பியா, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சில.

காற்று மாசுதான் ஆஸ்துமாவின் மூலகாரணம் என்று நம்பியவர்களுக்கு இந்தப் பட்டியல் பெரிய தொல்லை. நியூசிலாந்தின் கடற்காற்று சுத்தமானது. சீன நகரங்களின் புகை உலகப் புகழ் பெற்றது. இதே சமயத்தில் ஜெர்மனியின் இணைப்புக்குப் பிறகு எரிகா ஃபான் மூட்டியஸ் நடத்திய ஒப்பீடும் இதையே காட்டியது: புகை மண்டிய கிழக்கு ஜெர்மானிய நகரத்துக் குழந்தைகளைவிட மேற்கின் மியூனிக் குழந்தைகளிடமே ஆஸ்துமா கூடுதல். மாசு ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பதில் ஐயமில்லை. ஒரு நாட்டில் நோய் எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது வேறு ஏதோ. கிளப்புவதும் உண்டாக்குவதும் வேறு வேறு. நாளிதழ்ச் செய்திகளில் இந்த இரண்டும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

மூன்றாம் கட்டத்தில், ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து, அதே கேள்வி திரும்பக் கேட்கப்பட்டது. அந்தக் காலப்போக்கு பற்றி 2007இல் வெளியான ஆய்வறிக்கையின் முதல் பெயர் பியர்ஸுடையது. உச்சியில் இருந்த ஆங்கிலம் பேசும் நாடுகளில் இழுப்பு குறைந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியாவின் சில பகுதிகளில் கூடிக்கொண்டிருந்தது. இழுப்பு உள்ள பிள்ளைகளில் அது கடுமையாக இருப்பவர்களின் பங்கு ஏழை நாடுகளில் அதிகம் என்பதும் ஐசாக் தகவல்களிலிருந்து தெரிந்தது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில் இதே உருவம்தான் சிறிய அளவில் தெரிந்திருந்தது. நோய் வரும் விகிதத்தில் வேறுபாடு சிறிது. மருத்துவமனையில் சேர்வதிலும் சாவதிலும் வேறுபாடு பெரிது. நோயைவிடச் சிகிச்சைதான் அங்கே சமமாகப் போய்ச் சேரவில்லை.

ஒவ்வாமையா காரணம்?

ஆஸ்துமா என்றால் ஒவ்வாமை என்பது பாடப்புத்தக வாக்கியம். தூசிப்பூச்சி, பூனை முடி, மகரந்தம். 1999இல் பியர்ஸ், பெக்கனென், பீஸ்லி மூவரும் அதுவரை வெளியான மக்கள்தொகை ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒவ்வாமை உடல்வாகு எத்தனை பேருக்கு என்று மட்டும் எண்ணினால் எண் பெரிதாகத் தெரியும். ஆஸ்துமா இல்லாதவர்களிலும் அதே உடல்வாகு ஏராளமாக உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆஸ்துமாவில் ஒவ்வாமையின் கணக்கில் எழுதத்தக்கது வழக்கமாகப் பாதிக்கும் குறைவு என்றார்கள். மீதி என்ன? தொற்று, புகை, வேலையிடப் பொடிகள், இன்னும் பெயர் தெரியாதவை. மெத்தை உறையும் தூசி உறிஞ்சியும் விற்பவர்களுக்கு உவப்பான செய்தி இல்லை.

எல்லாருக்கும் ஒன்று என்றால் ஒருவருக்கும் தெரியாது

1996இல் பியர்ஸ் தன் துறையையே குறை சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். நோய்ப்பரவலியல் ஊர்களையும் வறுமையையும் வேலையிடங்களையும் ஆராய்வதில் தொடங்கி, போகப் போகத் தனிமனிதரின் பழக்கத்துக்கும், பிறகு மூலக்கூறுக்கும் சுருங்கிவிட்டது என்பது அவர் புகார்.

இதன் அடியில் இருக்கும் தர்க்கத்தை பிரிட்டன் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இலேயே சொல்லியிருந்தார். ஒரு நாட்டில் எல்லாரும் தினம் 20 சிகரெட் புகைத்தால், அந்த நாட்டுக்குள் நடக்கும் எந்த ஆய்வும் நுரையீரல் புற்றுக்குச் சிகரெட் காரணம் என்று காட்டாது. புகைக்காதவர் இல்லையே, யாரோடு ஒப்பிடுவது? அது பரம்பரை நோய் என்றே முடிவாகும். நாட்டுக்கு வெளியே போனால்தான் காரணம் கண்ணில் படும். ஐசாக் செய்தது அதைத்தான். ஸ்டாலி அமெரிக்காவைப் பார்த்ததும் அதைத்தான்.

பியர்ஸின் அந்த 1996 கட்டுரை வந்தபோது புள்ளியியல் நுட்பமே துறையின் பெருமை என்று நினைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். எழுதியவரோ புள்ளியியல்காரர். களைக்கொல்லி மருந்துகளுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் தொடர்புண்டா என்று நியூசிலாந்தின் விவசாயத் தொழிலாளரிடம் ஆராய்ந்து வேலையைத் தொடங்கியவர். நுட்பம் தெரியாமல் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியவில்லை.

இன்று எங்கே நிற்கிறது

ஐசாக் 2012இல் முடிந்தது. அதன் தொடர்ச்சியான உலக ஆஸ்துமா வலையமைப்பு அதே கேள்வியை இப்போது பெரியவர்களிடமும் சேர்த்துக் கேட்கிறது. பியர்ஸ் அதிலும் இருக்கிறார்.

அவர் சமீப ஆண்டுகளில் கைவைத்திருக்கும் இன்னொரு புதிர் சிறுநீரகம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத உழைப்பாளிகளுக்கு நாற்பது வயதிலேயே சிறுநீரகம் பழுதாகிறது: மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில், இலங்கையின் வடமத்திய மாகாண நெல் வயல்களில், ஆந்திராவின் உத்தானத்தில். வெயிலில் வேலை, குடிநீர், பூச்சிமருந்து என்று ஊருக்கு ஒரு சந்தேகம். ஆனால் ஊர் முழுக்க அதே வெயில், அதே கிணறு, அதே மருந்து. ஊருக்குள் ஒப்பிட ஆள் இல்லை. எனவே பியர்ஸும் சக ஆய்வாளர்களும் வகுத்த திட்டம் ஐசாக்கின் அச்சில் வார்த்ததுதான்: எளிய வினாத்தாள், ஒரே வகை ரத்தப் பரிசோதனை, பல நாடுகள். இந்தியாவில் சென்னை, தில்லி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் வேறு நோக்கத்துக்காக முன்பே எடுத்த ஆய்வுத் தகவல்களை அதே அளவுகோலுக்கு மாற்றி, எந்த ஊரில் இந்த நோய் கூடுதல், எந்த ஊரில் குறைவு என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.